ஊர்ப் பேரை மட்டும் கொடுங்க!

காஞ்சிபுரம் காந்தி ரோடு. டீக்கடை பெஞ்ச். எனக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். மஞ்சள் ஜெர்ஸி, முதுகில் 7. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். தோனியின் முழங்காலைப் பற்றிப் பேச்சு வந்தது. வந்ததாவது, அவனே கொண்டுவந்தான்.

பையன் லேசுப்பட்டவன் இல்லை. 2023 ஃபைனல் முடிந்த கையோடு எந்தக் காலில் ஆபரேஷன் நடந்தது (இடது), 2025-ல் ருதுராஜுக்கு எந்த இடத்தில் அடிபட்டு தோனி மறுபடி கேப்டன் ஆனார் (முழங்கை), அந்த சீசனில் சி.எஸ்.கே. தன் சரித்திரத்திலேயே முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனதற்கு யார் யார் காரணம், ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது சரியா தப்பா... எல்லாம் விரல் நுனியில். தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையே அணிச் செய்தி பார்ப்பதுதானாம். "பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடியே சார்" என்றான் பெருமையாக.

நான் கேட்டேன்: "சரி தம்பி, காஞ்சி வீரன்ஸ் தெரியுமா?"

"கபடி டீமா சார்?"

டீ மாஸ்டரைக் கேட்டேன். "சிலம்பம் சொல்லித் தருவாங்களே, அவங்களா?" என்றார். பக்கத்தில் பட்டுக்கடை வாசலில் நின்று வெளியூர் கார்களைக் கை காட்டி உள்ளே அழைத்துக்கொண்டிருந்த பெரியவர், "அப்படி ஒரு கடை இந்த ரோட்டுல இல்லையே!" என்று கவலைப்பட்டார்.

சிரிக்க வேண்டாம். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்கிற டி.என்.பி.எல்.லில் 2018-லும் 2019-லும் காஞ்சிபுரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு தொழில்முறை கிரிக்கெட் அணி விளையாடியது. வி.பி. காஞ்சி வீரன்ஸ் என்று பெயர். 'வீரர்கள்' என்று தமிழிலும் சொல்லாமல், இங்கிலீஷிலும் சொல்லாமல் 'வீரன்'னுக்கு ஒரு 'ஸ்' ஒட்டியிருந்தார்கள். போகட்டும், தமிழாசிரியர்கள் மன்னிப்பார்கள். பாபா அபராஜித் கேப்டன். 2019-ல் பிளே-ஆஃப் வரைக்கும் வந்த அணி. அந்த அணி காஞ்சிபுரத்தில் எத்தனை மேட்ச் ஆடியது தெரியுமா?

ஒன்றுகூட இல்லை.

சேப்பாக்கத்தில் மேட்ச் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் ஒரு என்ஜினீயரிங் காலேஜ் மைதானத்தில் உண்டு. திருநெல்வேலி சங்கர் நகரில் சிமென்ட் கம்பெனி மைதானத்தில் உண்டு. காஞ்சி வீரன்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரத்துக்காரன் ராத்திரி பஸ் ஏற வேண்டும். உலகத்தில் எந்த ஊர் அணிக்கும் இப்படி ஒரு 'சொந்த ஊர்' இருந்திருக்காது.

அதற்கு முன்னால் கதை இன்னும் விசேஷம். 2016-லும் 2017-லும் இதே அணி திருவள்ளூர் வீரன்ஸ். 2018-ல் ஊரை மாற்றி காஞ்சி. கொரோனாவால் 2020-ல் போட்டி நடக்கவில்லை. 2021-ல் திரும்பி வந்தபோது அணி கை மாறி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. திருவள்ளூரில் யாரும் அழவில்லை. காஞ்சிபுரத்தில் யாரும் கவனிக்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்கூட பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். இவர்கள் குடிவந்ததே தெரியாதபோது காலி செய்தது எப்படித் தெரியும்?

இந்த ஊர் மட்டுமா? டி.என்.பி.எல்.லின் முதல் சாம்பியன் எது? 2016 ஃபைனலில் சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் சுருட்டிய தூத்துக்குடி அணி. அந்த அழகான ஊர்ப் பெயரை 'டுட்டி' என்று சுருக்கியபோதே எனக்குச் சந்தேகம். முதல் கோப்பையைத் தூக்கிய ஊர், இப்போது பட்டியலிலேயே இல்லை. 2021-ல் அந்த இடத்தில் நெல்லை வந்தது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. அந்த அணி 2025-ல் கோப்பையே வாங்கியது. காரைக்குடியில் யாராவது ஒரு சரவெடி வைத்திருப்பார்களா? ஏன் வைக்க வேண்டும்?

நான் பி.காம். படித்தவன். பார்ட்னர்ஷிப் கணக்கில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனால் கணக்கில் எழுதியே ஆக வேண்டும். புதுப் பங்குதாரர் வந்தால் பழையவர்களுக்கு அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். பரீட்சையில் நான் அதிகம் தப்பு செய்தது இந்தக் கணக்கில்தான். ஆனால் அதன் அடிப்படை இன்றைக்கும் மறக்கவில்லை: பேர் சும்மா வருவதில்லை. யாரோ பல வருஷம் உழைத்துச் சம்பாதித்தது.

காஞ்சிபுரம் என்ற பெயரைச் சம்பாதித்தது யார்? பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள். உடலும் பார்டரும் வேறு வேறு நிறத்தில் இருந்தாலும் பிரியாதபடி கோர்வை போட்டு நெய்கிறார்களே, அவர்கள். அந்தப் பெயருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. வேறு எங்கேயோ விசைத்தறியில் ஓட்டிய புடவைக்கு 'காஞ்சிபுரம் பட்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றால், சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை உள்ளே போடலாம். போடுகிறார்களா என்பது வேறு கதை. சட்டம் இருக்கிறது.

புடவைக்கு இருக்கிற சட்டம் கிரிக்கெட் அணிக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளலாம், ஊருக்குள் கால் வைக்காமலே இரண்டு வருஷம் ஓட்டலாம், பிறகு கழற்றி வைத்துவிட்டு அடுத்த ஊர்ப் பெயரை மாட்டிக்கொள்ளலாம். இதைத்தான் தப்பு என்கிறேன்.

உடனே ஒருவர் குறுக்கே வருவார். எனக்குத் தெரிந்த நெசவுக்காரர் ஒருவரே வந்தார். "என்ன சார் பேசறீங்க? நம்ம புடவைக்குப் பட்டு நூல் கர்நாடகாவுலேர்ந்து வருது. ஜரிகை சூரத்துலேர்ந்து வருது. அதெல்லாம் வெளியூர்னா காஞ்சிபுரம் புடவை இல்லேன்னு ஆயிடுமா? பிளேயர் எந்த ஊரா இருந்தா என்ன?"

அண்ணே, நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். நூல் எங்கிருந்தும் வரலாம். நெய்வது இங்கே. அதனால்தான் அது காஞ்சிபுரம் புடவை. ராஞ்சியிலிருந்து தோனி வந்தார், ஆஸ்திரேலியாவிலிருந்து ஹஸ்ஸி வந்தார், ஜாம்நகரிலிருந்து ஜடேஜா வந்தார். நெய்த இடம் சேப்பாக்கம். அதனால் அது சென்னை அணி. காஞ்சி வீரன்ஸில் காஞ்சிபுரத்துக்காரர் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. நெய்தது எங்கே என்று கேட்கிறேன்.

சி.எஸ்.கே.வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரல் 10. காவிரிப் போராட்டம் உச்சத்தில். சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு மேட்ச். வெளியே மறியல், உள்ளே செருப்பு பறந்தது. மீதி மேட்ச்களைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அணி நிர்வாகம் தனி ரயிலே ஏற்பாடு செய்ய, சுமார் ஆயிரம் பேர் விசில் அடித்துக்கொண்டே புனே போனார்கள். ஒரே ஒரு மேட்ச்தான் அந்த வருஷம் சொந்த மண்ணில் நடந்தது. ஆனால் அதற்கு முன்னால் பத்து வருஷ சேப்பாக்கம் இருந்ததே! 2011-ல் அதே மைதானத்தில் கோப்பை வாங்கியதைப் பார்த்தவர்கள் அந்த ரயிலில் இருந்திருப்பார்கள். சூதாட்ட விவகாரத்தில் 2015-ல் லோதா கமிட்டி இரண்டு வருஷம் தடை போட்டபோதும் அணியை விட்டுப்போகாதவர்கள் இருந்திருப்பார்கள். அது சரித்திரம். தினச் செய்தி அல்ல.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் ஊர் மாறுவது பழைய வியாதி. ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் என்று ஒரு அணி. பிலடெல்பியாவில் பிறந்து, கான்சாஸ் சிட்டி போய், 1968-ல் ஓக்லாந்துக்கு வந்தது. நான்கு உலகக் கோப்பை (அவர்கள் நாட்டுக்குள் ஆடுவதற்கு உலகத் தொடர் என்று பெயர், அதை இன்னொரு வாரம் பேசலாம்). முதலாளி லாஸ் வேகாஸுக்குப் போகிறேன் என்றார். ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று ஒரு காரியம் செய்தார்கள். பகிஷ்காரத்துக்கு நேர் எதிர்: எல்லோரும் மைதானத்துக்கு வருவது! வெறிச்சோடிக் கிடந்த ஸ்டேடியத்தில் அன்றைக்கு 27,759 பேர். பச்சை டீ-ஷர்ட்டில் ஒரே ஒரு வார்த்தை: 'விற்றுவிடு.' அதாவது, ஊரை விற்காதே, அணியை விற்றுவிட்டு நீ போ. முதலாளி கேட்கவில்லை. 2024 செப்டம்பர் 26 கடைசி மேட்ச். 46,889 பேர் வந்து அழுதார்கள். மைதானத்து மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் கட்டி முடிகிறவரை அந்த அணி 2025-லிருந்து சாக்ரமென்டோ பக்கத்தில் தங்கியது. ஆனால் சாக்ரமென்டோ என்று பெயர் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் அத்லெட்டிக்ஸ்! அங்கே ஊர் இருந்தது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருந்தது, ஊர் இல்லை. இரண்டு முதலாளிகளும் சந்தித்தால் நிறையப் பேசிக்கொள்வார்கள் என்று எழுத ஆசைதான்.

ஆனால் எழுத முடியவில்லை. காரணம், காஞ்சி வீரன்ஸின் உரிமையாளர் அந்த ரகம் இல்லை. அவர் பெயர் வி.பி. சந்திரசேகர். அணியின் பெயரில் முன்னால் நிற்கும் 'வி.பி.' அவர்தான்.

அந்த மஞ்சள் ஜெர்ஸித் தம்பிக்கு இந்தப் பெயரும் தெரியவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தம்பி மேல் இல்லை. எங்கள் மேல், பத்திரிகைக்காரர்கள் மேல்.

1987-88-ல் ரஞ்சி கோப்பை வாங்கிய தமிழ்நாடு அணியின் ஓப்பனர் வி.பி. அடுத்த சில மாதங்களில், 1988 இரானி கோப்பையில் சேப்பாக்கத்தில் ரெஸ்ட் ஆஃப் இந்தியாவுக்கு எதிராக 56 பந்தில் சென்சுரி. டி-20 என்ற வார்த்தையே இல்லாத காலம். முதல்தர கிரிக்கெட்டில் இந்தியர் ஒருவரின் அதிவேக சதம் என்று அது கிட்டத்தட்ட முப்பது வருஷம் நின்றது. இந்தியாவுக்கு 7 ஒருநாள் போட்டி ஆடினார், தேர்வுக்குழுவில் இருந்தார். பிறகு 2008. சென்னை சூப்பர் கிங்ஸின் முதல் கிரிக்கெட் நிர்வாகி அவர். பிப்ரவரி 20 அன்று மும்பை ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு தோனியை சென்னை மேஜை தூக்கியதே, அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்.

அதாவது தம்பி, உன் முதுகில் இருக்கிற அந்த 7 சென்னைக்கு வருவதற்கு வேலை செய்தவர், பிற்பாடு உன் ஊர்ப் பெயரில் ஒரு அணியைக் கையிலிருந்து காசு போட்டு நடத்தினார். உனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முழங்கால் செய்தியை தினம் சொன்னார்கள்.

2019 டி.என்.பி.எல். ஜூலை 19-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 15-ல் முடிந்தது. அந்தத் தேதிகளைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் கவனித்திருப்பார்கள். ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 16 வரை அத்திவரதர் தரிசனம். 1979-க்குப் பிறகு 40 வருஷம் கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்த பெருமாளைப் பார்க்க நாடே இந்த ஊருக்குள் இருந்தது. நானும் வந்தேன். வரிசையில் ஆறு மணி நேரம் நின்றேன். கூட்டத்தைப் பற்றி, போலீஸைப் பற்றி, டோனர் பாஸ் வைத்துக்கொண்டு முன்னால் போனவர்களைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். அதே சமயம் 'காஞ்சி' என்று மார்பில் எழுதிய ஒரு அணி பிளே-ஆஃபுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. குளத்துக்குள் இருந்த பெருமாளாவது இந்த ஊரிலேயே இருந்தார்.

ஆகஸ்ட் 15 அன்று சேப்பாக்கத்தில் ஃபைனல். கில்லீஸும் திண்டுக்கல்லும் ஆடினார்கள். அதே நாளில் சென்னையில் தன் வீட்டில் வி.பி. சந்திரசேகர் தன் உயிரை முடித்துக்கொண்டார். 58-வது பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருந்தது. அணி நடத்தியதில் கடன், அந்த மன உளைச்சலில் இருந்தார் என்று காவல்துறை வட்டாரத்தை மேற்கோள் காட்டிப் பத்திரிகைகள் எழுதின. ஒரு மனிதனின் சாவுக்கு வெளியில் இருந்து காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அதைச் செய்யப்போவதும் இல்லை.

ஆனால் வரவு செலவைப் பற்றிப் பேச உரிமை உண்டு. பி.காம். அதற்காவது உதவட்டும். ஒரு அணிக்குச் சொந்த ஊரில் மேட்ச் இல்லை என்றால் என்ன ஆகும்? டிக்கெட் வாங்க உள்ளூர்க் கூட்டம் இல்லை. ஜெர்ஸி கேட்டு அப்பாவை நச்சரிக்கும் பிள்ளைகள் இல்லை. காந்தி ரோட்டுப் பட்டுக்கடை முதலாளி விளம்பரம் கொடுக்க வேண்டுமானால் அவருக்கு ஒரு காரணம் வேண்டாமா? கல்யாண சீசனில் லட்சக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழிக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு பந்து விழுந்திருந்தால் பர்ஸைத் திறந்திருப்பார்கள். கிரிக்கெட்டை அத்தனை தூரம் நேசித்த ஒரு மனிதருக்கு ஊர்ப் பெயரைக் கொடுத்தார்கள், ஊரைக் கொடுக்கவில்லை. செலவு மட்டும் முழு அணிக்கான செலவு.

நான் டி.என்.பி.எல்.லுக்கு விரோதி இல்லை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2016-ல் இந்த லீகில் யார்க்கராகப் போட்டுத் தள்ளியதால்தான் அடுத்த வருஷம் ஐ.பி.எல். ஏலத்தில் மூன்று கோடிக்குப் போனார், 2021-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்த வருண் சக்கரவர்த்தியை 2018-ல் மதுரை அணிதான் ஊருக்குக் காட்டியது. நல்ல காரியம். இதெல்லாம் நடக்க ஊர்ப் பெயர் வேண்டும் என்று லீக்காரர்களே நினைத்ததால்தானே மாவட்டம் மாவட்டமாகப் பெயர் வைத்தார்கள்? அப்புறம் மாவட்டத்துக்குப் போக ஏன் கால் வலிக்கிறது?

"மைதானம் இல்லை, ஃபிளட்லைட் இல்லை, டிரெஸ்ஸிங் ரூம் இல்லை" என்பார்கள். நத்தத்தில் ஒரு காலத்தில் என்ன இருந்தது? சேலத்தில்? வாழப்பாடியில் மைதானம் கட்டி 2020-ல் திறந்தார்கள். 2022-ல் டி.என்.பி.எல். மேட்ச் அங்கே வந்துவிட்டது. அதாவது நம் வீரன்ஸ், ஸ்பார்ட்டன்ஸ் ஆன பிறகுதான் சொந்த வீட்டு வாசலைப் பார்த்தார்கள். சேலத்துக்காரர்கள் மேல் பொறாமை இல்லை. அவர்கள் மைதானம் கட்டினார்கள், அணி வந்தது. முறை அதுதான். ஆனால் கட்டாத ஊரின் பெயரை இரண்டு வருஷம் எடுத்து உபயோகித்தது எந்த முறை?

அந்த நெசவுக்கார அண்ணன் விடவில்லை. "மாப்பிள்ளை நம்ம ஊர்னு பத்திரிகை அடிச்சுட்டு, கல்யாணத்தை நத்தத்துல வச்ச கதையா இருக்கே சார்!" என்றார்.

லீக்காரர்களிடம் என் கோரிக்கை சின்னது. ஊர்ப் பெயர் வைத்தால் வருஷத்துக்கு ஒரு மேட்ச் அந்த ஊரில் ஆட வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். ராத்திரி வெளிச்சம் இல்லையா, பகலில் ஆடுங்கள். ரஞ்சி டிராபியின் முதல் மேட்ச் 1934-ல் சேப்பாக்கத்தில் ஃபிளட்லைட் இல்லாமல்தான் நடந்தது, ஒரே நாளில் முடிந்தும்போனது. பெயரை மாற்றினால், பழைய ஊரில் போய்ச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று எங்கள் ஆட்களுக்கு. சி.எஸ்.கே. செய்திக்குத் தினம் அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சந்தோஷம். அதில் மாதம் ஒரு நாள் பாதியை வெட்டி, வி.பி. சந்திரசேகர் யார், காஞ்சி வீரன்ஸ் என்ன ஆனது, முதல் சாம்பியன் தூத்துக்குடி எங்கே போனது என்று எழுதுங்கள். முழங்கால் ஒரு நாள் காத்திருக்கும்.

ஒரு வேளை காஞ்சிபுரத்தில் மேட்ச் வைத்தால், டிக்கெட் கவுன்ட்டர் வரிசையில் நான் நிற்கிறேன். ஆறு மணி நேரம் நின்று பழக்கம் இருக்கிறது. டோனர் பாஸ் வேண்டாம்.